எட்டுப் புத்தகத்து மச்சான்

கதாநாயகன் எட்டுப் புத்தகமாக "மச்சான், மச்சான்" என்று தோளில் கைபோட்டுக் கூப்பிட்டு வந்த கருங்கவச வீரன், ஒன்பதாவது புத்தகத்தின் நடுவில் ஹெல்மெட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து இடுப்பு வரை தலைமுடியும், காதில் தோடும், சாட்சாத் ஒரு பெண்ணும் வெளியே வந்தார்கள்.

பதிப்பாளரம்மா அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துத் தட்டினார்.

"இது என்ன?"

"பொண்ணு, மேடம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். பொய் சொல்ல வழியில்லை. படம் போட்டிருந்தது.

"எட்டுப் புத்தகமா நம்ம தமிழ்ல இது யாரு?"

"மச்சான், மேடம்."

அது ஒரு வெளிநாட்டுப் படக்கதைத் தொடர். மாங்கா என்பார்கள். கதை முழுக்க ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் நடக்கிறது. கதாநாயகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போவான், கருங்கவசத்தோடு சேர்ந்து பூதங்களை வெட்டுவான், சாப்பிட வெளியே வருவான். மூலத்தில் அவன் கருங்கவசத்தைக் கூப்பிடும் சொல்லில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. வெறும் கூட்டாளி. அதில் உப்புச் சப்பு இல்லை என்று மச்சானாக்கியது நம் மொழிபெயர்ப்பாளர்தான்.

"முழுத் தொடரையும் படிச்சிட்டேன்னு சொல்லித்தானேய்யா வேலைய வாங்கினீங்க?"

"படிச்சேன் மேடம். ரெண்டு தடவை."

அவர் படித்தது முதல் புத்தகத்தின் பின்னட்டையை. மற்றதையெல்லாம் மொழிபெயர்க்கும்போதுதான் படிப்பார். கதை முன்னாலேயே தெரிந்துவிட்டால் வேலையில் சுவாரசியம் போய்விடுமாம். அச்சாகி வந்ததை அவரும் படிப்பதில்லை, பதிப்பாளரம்மாவும் படிப்பதில்லை.

"சாயந்திரம் அச்சுக்குப் போகணும். அதுக்குள்ள சரி பண்ணுங்க. முடியலைன்னா பத்தாவது புத்தகம் வேற ஆளுக்கு."

மொழிபெயர்ப்பாளர் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவருக்கும் வீட்டில் ஒரு மச்சான் உண்டு. மனைவியின் அண்ணன், டயர் கடை முதலாளி. "மாங்கா மொழிபெயர்க்கிறேன்" என்று சொன்ன நாளிலிருந்து, "காயாவா, பழமாவா?" என்று கேட்காமல் அந்த மனிதர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. "இது ஊத்திக்கிச்சுன்னா கடைக்கு வந்துடு மாப்ளே, பஞ்சர் ஒட்ட ஆள் இல்ல" என்று பாசமாகவும் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பாசம்தான் பயமாக இருந்தது.

"ரொம்பச் சுலபம் மேடம். அவ பொண்ணுன்னு அவனுக்கு முதல்லேர்ந்தே தெரியும். சும்மா கிண்டலுக்கு மச்சான்னு கூப்பிட்டான். ஒரு வசனம் சேர்த்தா முடிஞ்சுது."

வசனத்தைத் தாளில் எழுதி, மூலையில் இருந்த பலூன் அக்காவிடம் கொடுத்தார். படத்தில் இருக்கும் பேச்சு பலூன்களுக்குள் தமிழைப் பொருத்துவது அக்காவின் வேலை. காதில் ஹெட்ஃபோன், கண் கம்ப்யூட்டரில். கொடுத்ததைப் போடுவார், எதற்கு என்று கேட்க மாட்டார்.

பதிப்பாளரம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே கதாநாயகன் மல்லாந்து கிடந்தான்.

"முதல்லேர்ந்தே தெரிஞ்சவன் எதுக்குய்யா மயங்கி விழுறான்?"

"உயிர் குறைஞ்சிருக்கும் மேடம். சண்டை போட்ட களைப்பு."

"தலைக்கு மேல உயிர் எவ்வளவுன்னு கோடு போட்டிருக்கு பாருங்க. உயிர் ஃபுல்லா இருக்கு."

"அந்தக் கோட்டுக்கு மேல ஒரு 'ஐயய்யோ' போட்டு மறைச்சிடலாம்."

அக்கா மறைத்தார். ஐயய்யோ கொஞ்சம் பெரிதாகிப்போய்க் கதாநாயகனின் முகத்தையும் சேர்த்து மறைத்தது. இப்போது யார் விழுந்து கிடக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

"நல்லா வருதுய்யா கதை," என்றார் பதிப்பாளரம்மா.

மொழிபெயர்ப்பாளர் இரண்டு டீ குடித்தார். மூன்றாவது டீயில் ஞானம் பிறந்தது.

"மேடம்! இவ மச்சானோட தங்கச்சி! அண்ணன்காரன் பாஸ்வேர்டைத் தங்கச்சிகிட்ட குடுத்துட்டான். கவசம் அதே கவசம், உள்ள இருக்கிற ஆள் வேற. எட்டுப் புத்தகமா வந்தது நிஜமாவே மச்சான்!"

பதிப்பாளரம்மா முதல் முறையாகச் சிரித்தார். மயக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. ஐயய்யோவையும் பழைய வசனத்தையும் எடுத்தார்கள். பக்கங்களைத் திருப்பினால் இன்னொரு அதிர்ஷ்டம்: விளையாட்டுக்குள்ளேயே கதாநாயகனுக்கும் அவளுக்கும் கல்யாணம்!

"பாத்தீங்களா மேடம்? தங்கச்சியைக் கட்டினா அண்ணன் யாரு? மச்சான்! முறைகூட அப்படியே பொருந்துது!"

"பொருந்துது, பொருந்துது. அந்த அண்ணன் எங்க?"

"எந்த அண்ணன்?"

"கல்யாணத்துக்குக் குதிரை வந்திருக்கு, பூதம் வந்திருக்கு. கூடப்பொறந்த அண்ணன் வரலையா?"

மொழிபெயர்ப்பாளர் கூட்டத்தில் அண்ணன் மாதிரி ஒருவனைத் தேடினார். இருந்தவர்களில் ஓரளவு அண்ணன் களை தெரிந்தது ஒரு பல்லிக்குத்தான்.

"அண்ணனைக் கொன்னுடலாமா?"

"சாவு நடந்த வீட்டுல அடுத்த பக்கத்துலயே கல்யாணமா?"

"அப்படின்னா..." என்று யோசித்தவர் வாயிலிருந்து தானாகவே வந்தது. "அண்ணனுக்கு டயர் கடை இருக்கு மேடம். கடையை விட்டுட்டு வர முடியல."

"வீரனுக்கு டயர் கடையா?"

"விளையாட்டுலதானே வீரன்? வெளியில பொழப்பு வேணாமா?"

அதுவும் ஒரு பலூனுக்குள் போனது. அதன்பின் அவள் அழுதுகொண்டே பேசும் இடம் வந்தது. "இத்தனை நாளும் உன்கூட நின்னது நான்தான்" என்பது மூலம். அதை, "இத்தனை நாளும் அண்ணன் கடையில உன்னைப் பத்தியேதான் பேசுவான்" என்று மாற்றினார்கள். கடைசிப் பக்கத்தில் அவள் கையைப் பிடித்தபடி வானத்தைப் பார்க்கும் கதாநாயகன், "மச்சான்! இனிமே நீ நிஜமாவே என் மச்சான்!" என்றான். பலூன் நல்ல அகலம். கச்சிதமாக உட்கார்ந்தது.

படித்து முடித்தபோது பதிப்பாளரம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. மூலத்தைவிட இது நன்றாயிருப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம்கூட வந்தது. ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தார். அச்சு ஓட்ட ஆரம்பித்துவிட்டார்களாம்.

"பத்தாவதும் நீங்கதான்யா," என்றார்.

மொழிபெயர்ப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டயர் கடைக்காரர் இன்னும் ஒரு வருஷம் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும், காயோ பழமோ, சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம்.

அப்போதுதான் பலூன் அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"சார், ஒரு டவுட்டு. கடைசிப் பக்கத்துல 'மச்சான்'னு வருதே, அது யாரு, புது ஆளா?"

"புது ஆளா? எட்டுப் புத்தகமா பக்கத்துக்குப் பக்கம் நீங்கதானேக்கா மச்சான், மச்சான்னு போட்டுட்டு வர்றீங்க!"

"நான் எங்க சார் போட்டேன்? அந்த ஒல்லிப் பலூன்ல மச்சான் அடங்கலைன்னு மொதப் புத்தகத்துலேர்ந்தே 'மச்சி'ன்னு சுருக்கிட்டேன், என் பொண்ணே அவ கூடப் படிக்கிற பொண்ணுங்களை அப்படித்தானே கூப்பிடுறா!"