தூங்குகிற குதிரை நொண்டாது

மயக்க ஊசியில் குதிரை சாய்ந்த பிறகுதான் டாக்டர் ஹெப்ரான் அதன் கால்களைக் கவனித்தார். நான்கு கால்களிலும் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

நொண்டுகிற காலுக்கு அடையாளமாக முந்தின நாள் அவர் கட்டியது ஒரே ஒரு கயிறு.

“என்ன வே மதார் பாய் இது?”

மதார் ஏரலில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். அவர் தன் மனைவி பாத்துவைப் பார்த்தார். பாத்து பெருமையாகவே சொன்னாள்.

“நீங்க ஒத்தக் கால்ல மட்டும் கண்ணூறு படாம இருக்கக் கயிறு கட்டி விட்டிருந்திய. மத்த மூணு காலு என்ன பாவம் பண்ணுச்சு? அதான் நானே கட்டிட்டேன்.”

அது அடையாளக் கயிறு என்று டாக்டர் நேற்றே சொல்லியிருக்கலாம். ஆனால் யாருக்கும் எதையும் விளக்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பதினாறு வருஷமாகப் பாளையங்கோட்டையில் நாய்க்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர், போன மாதம் பெங்களூரில் மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்ததிலிருந்து கால் தரையில் பாவாமல் நடந்தார். குதிரையின் குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டைத் திறந்து, குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, ஒரு தகடும் மூன்று திருகாணியும் வைத்து இறுக்கினால் இரண்டு எலும்பும் ஒரே எலும்பாக ஒட்டிக்கொள்ளும். இதுதான் அவர் கற்றுவந்த வித்தை.

“வலி மூட்டுலதானே வே இருக்கு? மூட்டே இல்லாமப் பண்ணிட்டா?” என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார். குதிரைதான் கிடைக்கவில்லை. தன் குதிரை பாதுஷா பதினைந்து நாளாக நொண்டுகிறது என்று மதார் வந்து நின்றதும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார். அதில் ஏதோ ஒரு நிழல் தெரிந்தது. அவருக்கு அது போதும்.

மதாருக்கு இருப்பதே அந்த ஒரு குதிரை. நொண்டுகிற குதிரைமேல் எந்த மாப்பிள்ளையும் ஏறமாட்டான். விற்றுவிடலாம்தான். ஆனால் நொண்டிக் குதிரையை வாங்குகிறவன் வளர்ப்பதற்கு வாங்கமாட்டான் என்பது மதாருக்குத் தெரியும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நொண்டியது முன்னங்கால் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. இடதா வலதா என்பதில்தான் தகராறு.

“எக்ஸ்ரேயைப் பாருங்களேன் சார்” என்றாள் உதவிக்கு இருந்த சாரம்மாள்.

டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். இடது. திருப்பிப் பிடித்தார். வலது. படத்தில் இடம் வலம் குறிக்க அவர் மறந்திருந்தார்.

“பாத்தும்மா, நீங்க சொல்லுங்க. எந்தக் காலு?”

“இடது காலு.”

“இல்ல, வலது காலுல்லா?” என்றார் மதார்.

“நீங்க எதிர நின்னு பாத்தியளா, பின்னால நின்னு பாத்தியளா? உங்களுக்கு இடதா, குதிரைக்கு இடதா?” என்று பாத்துவிடம் கேட்டார் டாக்டர்.

“எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணா? ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே டாக்டரே இருக்கோம்!”

மதார் கைபேசியில், குதிரை நொண்ட ஆரம்பித்த அன்றைய கல்யாண வீடியோவைத் தேடி எடுத்தார். வீடியோக்காரர் ஏழு நிமிஷமும் மாப்பிள்ளையின் கூலிங்கிளாஸை எடுத்திருந்தார். குதிரைக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

“மயக்கம் தெளியட்டும் சார். நடக்கவிட்டுப் பாத்துட்டு நாளைக்கு வச்சுக்கலாம்” என்றாள் சாரம்மாள். அந்த அறையில் புத்தி வேலை செய்த ஒரே ஆள் அவள்தான்.

“கேமராக்காரன் வந்து நிக்கான், தெரியலையா? தென் மாவட்டத்திலேயே முதல் முறைன்னு பேனர் வேற அடிச்சாச்சு.”

லாடக்காரன் பிச்சைக்கண்ணு வாசலில் நின்றிருந்தான். அறுவைக்கு முன்னால் லாடம் இருக்கக் கூடாது என்று காலையில் நான்கையும் கழற்றியவன் அவன்தான்.

“அய்யா, அந்தக் காலு எதுன்னு நான்…”

“லாடம் அடிக்கவன் எனக்கு வைத்தியம் சொல்லுதியோ? போலே வெளிய!”

பிச்சைக்கண்ணு எதையோ கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

டாக்டர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்தார். வலது என்று முடிவு செய்தார். ஏன் வலது என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அவருக்கும் தெரியாது.

மூட்டைத் திறந்ததும் குருத்தெலும்பு இளநுங்கு போலப் பளபளவென்றிருந்தது.

“நல்லால்லா இருக்கு சார்?”

“கோளாறு உள்ளுக்குள்ள இருக்கும்.”

“உள்ளுக்குள்ளதானே சார் பாக்கோம்?”

“நீ விளக்கைப் பிடி.”

சுரண்டினார். தகடு வைத்தார். மூன்று திருகாணிகளையும் முடுக்கி மாவுக்கட்டுப் போட்டார். வியர்வை சொட்டியது. கேமராக்காரர் அதையும் எடுத்தார்.

அடுத்த நான்கு மாதம் மதார் குதிரை லாயத்திலேயே கிடந்தார். டாக்டர் பாடு இன்னும் மோசம். ஞாயிறுதோறும் கோவிலில் கடைசி பெஞ்சில் முழங்காலிட்டு, ஊருக்குத் தெரியாமல் ஒரு குதிரையின் காலுக்காக ஜெபித்தார்.

கட்டுப் பிரித்து, பைய நடை பழக்கி, ஏரல் பஜாரில் ஒரு மாலை ஊர்வலம் புறப்பட்டது. மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு பாதுஷா நடந்தது. கொஞ்சம்கூட நொண்டவில்லை. மதார் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பாத்து டாக்டருக்குப் பச்சைச் சால்வை போர்த்தினாள்.

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது; கூடவே பழைய திமிரும் வந்தது.

“பாத்தியளா வே? குதிரை தூங்கினாலும் எந்தக் காலுன்னு எனக்குத் தெரியும்!” என்றார். கூட்டத்தில் பிச்சைக்கண்ணுவைக் கண்டதும் விடவில்லை. “ஏலே, அன்னைக்கு எனக்கே காலைக் காட்ட வந்தியே, இப்ப என்ன சொல்லுத?”

பிச்சைக்கண்ணு தயங்கித் தயங்கி வந்து, மடியிலிருந்து ஒரு வளைந்த ஆணியை எடுத்து டாக்டரின் உள்ளங்கையில் வைத்தான்.

“இடது கால்ல நான் தப்பா அடிச்ச ஆணிய்யா இது. அன்னைக்குக் காலையிலயே லாடத்தோட கழத்திட்டேன். சொல்ல வந்தா வெளிய விரட்டிட்டியளே!”