வாடகை இறங்க வேண்டிய நாள்

பத்து மணிக்கே கடையில் ஏழு பேர். பை ரிப்பேர்க்காரன் கடிகாரத்தைப் பார்த்தான்.

இரண்டு வருடமாக ஈ ஓட்டிய கடை. இன்றைக்கும் ஓட்டினால் போதும் என்றிருந்தான். பதினொரு மணிக்கு வாடகை அதிகாரி வருகிறார்.

"பழைய சட்டத்துல மூணு வருஷத்துக்கு ஒருக்கா வாடகை ஏறும். இறங்கவே இறங்காது" என்று எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் முந்தாநாள்தான் விளக்கியிருந்தார். இருவருக்கும் ஒரே ஓனர். "புதுச் சட்டத்துல இறங்கவும் செய்யும். அதிகாரி வந்து ஆள் நடமாட்டத்தைப் பாத்து எழுதுவாரு. நேத்து எனக்குக் கால்வாசி இறங்கிடுச்சு தம்பி. ஓனர் மூஞ்சியில ஈயாடல. நீ ஒண்ணும் பண்ணாதே. எப்பவும்போல சும்மா உக்காந்திரு."

சும்மா உட்காருவதில் அவன் தேர்ந்தவன். மனைவி இறந்ததிலிருந்து அதைத்தான் செய்தான். வாடகை இறங்காவிட்டால் அடுத்த மாதம் கடையைக் காலி செய்ய வேண்டும். அவள் உட்கார்ந்த முக்காலியை எங்கே வைப்பது என்று இன்னும் யோசிக்கவில்லை.

முதலில் நின்ற அம்மாள் ஒரு கைப்பையை நீட்டினாள். ஜிப்பை இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு ஓடியது.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"அப்பப்போ மாட்டுது தம்பி."

"இன்னைக்குக் கடை லீவு."

"பரவாயில்ல, நிக்கிறோம்."

விளக்கை அணைத்து, "கரண்ட் இல்ல" என்றான். எல்லோரும் வெளிச்சத்துக்காக வாசலுக்கு நகர்ந்தார்கள். உள்ளே இருந்த கூட்டம் தெருவில் வரிசையாகிவிட்டது. இன்னும் நான்கு பேர் வந்து பின்னால் நின்றார்கள்.

"இன்னையிலருந்து ரேட் டபுள்!"

"குடுத்துடலாம்" என்றது வரிசை.

பேரம் பேசாத வாடிக்கையாளரை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

ஜெராக்ஸ்காரர் தெருவைத் தாண்டி ஓடிவந்தார். "என்னப்பா இது, கல்யாண வீடு மாதிரி?"

"துரத்துறேண்ணே. போக மாட்டேங்கிறாங்க."

"உன் வேலையைப் பத்தி நீயே மட்டமாச் சொல்லு. ஓடிடுவாங்க."

அவன் வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தான். "போன மாசம் ஒருத்தர் பையைப் பாழாக்கிட்டேன். எனக்குக் கை சரியா வரல."

"தொழில்னா அப்படித்தான்" என்றார் வரிசையில் ஒருவர். "நீங்க தைச்சாத்தான் எங்களுக்குத் திருப்தி."

இரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டான். மெஷினைத் துடைத்தான்.

பதினொரு மணிக்கு அதிகாரி ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நுழையப் பார்த்தார்.

"சார், வரிசையில வாங்க" என்று யாரோ அதட்டினார்கள்.

எப்படியோ உள்ளே வந்து கேட்டார். "தினமும் இப்படித்தானா?"

எதிரே ஜெராக்ஸ்காரர் 'இல்லை, இல்லை' என்று கழுத்து சுளுக்குமளவு தலையாட்டினார். பை ரிப்பேர்க்காரன் வரிசையைப் பார்த்தான். முக்காலியைப் பார்த்தான்.

"ஆமா சார். சமாளிக்கவே முடியல."

அதிகாரி எழுதினார். வாடகை கால்வாசி கூடுதல், மூன்று வருடத்துக்கு. அவன் கையெழுத்துப் போட்டான். ஜெராக்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்.

"ஏறினா ஏறட்டும்ணே" என்றான் அவன். "இத்தனை பேர் என்னை நம்பி வந்திருக்காங்க." அவன் சிரித்து ஜெராக்ஸ்காரர் பார்த்து வெகுநாளாயிற்று. தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அதிகாரி தெருமுனை திரும்பியதும் அந்த அம்மாள் பையைத் திருப்பிக் கேட்டாள்.

"இன்னும் தைக்கவே இல்லையேம்மா."

"அது கிடக்கட்டும் தம்பி. ஆபீசர் போயாச்சில்ல? வரிசையில நிக்க ஓனர் பேசின கூலியை நீ குடுப்பியா, இல்ல அவர் வீட்டுலயே போய் வாங்கிக்கணுமா?"