நூற்றுக்கு நூறு வாங்கிய சுவர்

"உதைச்சுப் பாத்தியா?" என்று கேட்டாள் பெரில்.

"ரெண்டு தடவை."

"எண்ணெய்?"

"அதுவும் விட்டாச்சு."

பெரிலும் லொரெய்னும் கதவைப் பார்த்தார்கள். லாப்விங் ஹவுஸ் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் ஒரே அறையின் கதவு அது. தீப்பிடித்தால் புகையைத் தடுக்க வேண்டிய கனத்த கதவு. கையை விட்டால் தானாகப் போய் மூடிக்கொள்ள வேண்டும். அது முக்கால் தூரம் போய், யாரையோ மறந்துவிட்டு வந்த மாதிரி நின்றுவிட்டது.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பாதுகாப்புத் தணிக்கை. சனிக்கிழமை மதியம் அந்த அறையில் பெரிலின் கல்யாண விருந்து. தணிக்கையில் தேறாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள். அடுத்த தணிக்கை மார்ச்சில்.

"ஐவி மட்டும் இல்லைன்னா எங்கயாவது பப்ல வச்சுக்குவேன்" என்றாள் பெரில். மூன்றாவது மாடியில் இருக்கும் அவள் அக்கா ஐவிக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு வருஷமாகக் கட்டடத்தைத் தாண்டியதில்லை. சக்கர நாற்காலியில் லிஃப்ட் வரைக்கும் வருவாள், அறை வரைக்கும் வருவாள். அதற்கு மேல் அவள் நெஞ்சு ஒத்துக்கொள்ளாது.

"நான் பாத்துக்கறேன். நீ தலைக்குச் சுருள் போடற வேலையப் பாரு" என்றாள் லொரெய்ன். அவள்தான் கட்டடத்தின் கேர்டேக்கர். பதினொரு மாடி, அறுபத்தாறு வீடு, ஒரே ஆள்.

முன்பு நகர நிர்வாகமான கவுன்சிலிலேயே இந்த வேலைகளுக்குப் பதினான்கு பேர் இருந்தார்கள். எந்தக் கதவு மழைக்கு இறுகும், எந்த லிஃப்ட் எப்போது மூச்சு விடும் என்று அவர்களுக்குத் தெரியும். செலவு மிச்சம் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தணிக்கை, பழுது, உதவி எண் எல்லாவற்றையும் இருநூறு மைல் தள்ளியிருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அந்த மிச்சத்தை இதுவரை எவரும் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த நிறுவனத்தால் பெரிலுக்கு நடந்த ஒரே நல்ல காரியம் மாப்பிள்ளை டெல்ராய். போன கோடையில் நான்காவது மாடிக்குக் குடிவந்த அறுபத்தெட்டு வயதுக்காரர். ஒருநாள் அவரும் பெரிலும் ஏறிய லிஃப்ட் நடுவில் நின்றது. ஆள் வர மூன்று மணி நேரம் ஆனது. வெளியே வரும்போது இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள்.

லொரெய்ன் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லி நாற்பது நிமிஷம் பியானோ வாசித்தார்கள். பிறகு ஒரு குரல் வந்தது.

"கதவோட அடையாள எண் சொல்லுங்க."

"எண்ணா? கதவு கண்ணு, கதவு. மரத்துல இருக்கும். ஆளுங்க போவாங்க, வருவாங்க."

"எண் இல்லாம புகார் எடுக்க முடியாதுங்க."

லொரெய்ன் ஏணி போட்டு ஏறி, கதவின் தலைமேல் இருந்த தூசியைத் துடைத்து, பதினேழு இலக்கங்களை வாசித்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் பத்தாவது மாடியில் குப்பைக் குழாய்க்குள் யாரோ திணித்த தலையணையை உருவிக்கொண்டிருந்தாள். கீழே வந்து பார்த்தால் கதவு இல்லை. வாசலில் இரண்டு பேர் அதை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய்! எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"மதிப்பீட்டுக்கு."

"இங்கயே நின்னு மதிப்பிட முடியாதா?"

"முடியும். ஆனா நாங்க தூக்கறவங்க. மதிப்பிடறவங்க வேற."

"எப்ப வரும்?"

"ஆறு வாரம். எங்க கொட்டகையில வரிசையா நாப்பது கதவு நிக்குது கண்ணு."

மூடாத கதவாவது ஒரு கதவு. இப்போது அதுவும் போயிற்று. லொரெய்ன் மறுபடி கூப்பிட்டாள், மறுபடி பியானோ கேட்டாள். "கதவே இல்லைங்க, நாளைக்குத் தணிக்கைங்க" என்று கெஞ்சினாள். குரல் இரக்கப்பட்டது. "அவசரம்னு குறிச்சுக்கறேன்" என்றது.

மதியமே அவசரமாக ஒரு ஆள் வந்தான். வெறும் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் நீல நிறத்தில் ஒரு பலகையை நான்கு மூலையிலும் திருகிவிட்டுப் போனான். 'இந்தக் கதவை எப்போதும் மூடியே வைத்திருக்கவும்.'

ராத்திரி டெல்ராய் வந்து அதை நிதானமாக வாசித்தார். ஓட்டை வாசலைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"எழுத்துப்பிழை இல்லை" என்றார்.

"சிரிக்காதீங்க. நாளைக்கு அந்த ஆள் வந்து பாத்தான்னா முடிஞ்சுது. உங்க கல்யாணத்த நானே கெடுத்துட்டேன். வாயை மூடிட்டு இருந்திருந்தா கதவாவது மிஞ்சியிருக்கும்" என்றாள் லொரெய்ன்.

"தூங்கும்மா போய். நான் காலைல வந்து பலூன் கட்டறேன்."

"பலூனா? பூட்டப்போற ரூமுக்கா?"

"பலூன் எங்க இருந்தாலும் பலூன்தானே" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு டெல்ராய் பலூன் மூட்டையோடும் செய்தித்தாளோடும் உள்ளே போனார். லொரெய்ன் பின்கட்டில் குப்பைத் தொட்டிகளை வெளியே தள்ளிவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தாள்.

வாசல் இல்லை. வாசல் இருந்த இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒட்டுப்பலகை. தலையில் வெட்டே இல்லாத திருகாணிகள், யாரும் கழற்ற முடியாத ரகம். நடுவில் ஒரு சீட்டு: 'பாதுகாப்புக் கருதி அடைக்கப்பட்டது. கை வைத்தால் நடவடிக்கை.'

பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து பலூன் ஊதும் சத்தம் கேட்டது.

"டெல்ராய்?"

"ம்?"

"உள்ளயா இருக்கீங்க?"

"வேற எங்கம்மா இருக்கப்போறேன்?"

லொரெய்ன் உதவி எண்ணில் கத்தியது ஏழாவது மாடி வரை கேட்டது. "உள்ள ஒரு மனுஷன் இருக்காருங்க! மாப்பிள்ளை! யாரு அடைக்கச் சொன்னா?"

"புகார் கொடுத்தவர் யாருன்னு சொல்ல முடியாதுங்க. தனிநபர் தகவல் பாதுகாப்பு."

"சரி, பலகைய எடுங்க."

"அடைக்கறது ஒரு பிரிவு. எடுக்கறது வேற பிரிவு. உங்க தேதி வந்ததும் செய்தி வரும்."

பெரில் தலை நிறையச் சுருள்களோடு இறங்கி வந்தாள். பலகையை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"மனுஷா! கல்யாணம் வேண்டாம்னா வாயால சொல்லியிருக்கலாமே! செவரு கட்டிக்கிட்டா உக்காருவ?"

"வேணும், வேணும்! நாளைக்குப் பன்னெண்டு மணிக்குப் பதிவு, ஞாபகம் இருக்கு. டீ இருந்தா அனுப்பு."

உள்ளே எதிர்ச்சுவரில் அவசர வழி ஒன்று இருந்தது. ஆனால் அதன் கம்பியை அழுத்தினால் கட்டடம் முழுக்க அபாய மணி அடிக்கும், தீயணைப்பு வண்டி வரும். தணிக்கை முடியுமுன் அது நடந்தால் அறை மட்டுமல்ல, லொரெய்னின் வேலையும் போகும். ஜன்னலோ, குழந்தைகள் விழக்கூடாதென்று நான்கு அங்குலத்துக்கு மேல் திறக்காத ஜன்னல். சாண்ட்விச் போயிற்று. கோப்பை போகவில்லை. பெரில் டீயை வெந்நீர்ப் பைக்குள் ஊற்றித் தட்டையாக நுழைத்தாள்.

"ரப்பர் வாசனை வருது பெரில்."

"குடி. இதுதான் கல்யாண வாழ்க்கை."

பன்னிரண்டு மணிக்குத் தணிக்கையாளர் டாமினிக் வந்தான். கூர் மூக்குக் காலணி, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். நான்கு மணி நேரம் காரோட்டி வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

"இது என்ன?"

லொரெய்ன் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அப்போது தானாக வெளியே வந்தது.

"செவரு."

சுவர் தும்மியது.

டாமினிக் லொரெய்னைப் பார்த்தான். "ஜலதோஷமா? பாத்துக்கோங்க" என்றான். டேப்லெட்டைத் தட்டினான். "பொது அறை. கதவு ஒண்ணுன்னு போட்டிருக்கு. எங்க?"

"இல்லைங்க."

"பழுதா, இல்லவே இல்லையா? ரெண்டும் வேற வேற கட்டம்."

"இல்லவே இல்லைங்க."

"கதவு மட்டும் இல்லைன்னா வாசல் திறந்து கிடக்கும், நேரா தோல்வி. இங்க வாசலே இல்லையே." அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப 'பொருந்தாது'. கதவு தானா மூடுதா? பொருந்தாது. கதவுக்குக் கீழ இடைவெளி? பொருந்தாது. அறைக்குள் மின்கம்பிகள்? உள்ள போக வழி இல்லைன்னா அடுத்த பக்கத்துக்குப் போகச் சொல்லுது. கூரை? பொருந்தாது. அறைக்குள் எரியக்கூடிய பொருட்கள்?"

உள்ளே ஒரு பலூன் வெடித்தது.

"குழாய்" என்றாள் லொரெய்ன். "பழைய கட்டடம்."

"குழாய் இந்தப் படிவத்துல இல்லை" என்றான் டாமினிக், நிம்மதியாக. முப்பத்தொரு முறை 'பொருந்தாது' தட்டினான். டேப்லெட் மணியடித்தது. அவன் திரையை அவளிடம் காட்டினான்; அதில் பச்சையாக ஒரு பெரிய வட்டம் இருந்தது.

"குறை ஒண்ணும் இல்லை. நூத்துக்கு நூறு. மூணு வருஷமா இந்த வேலை பாக்கறேன், நூறு பாத்ததே இல்லைங்க." அவன் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "இப்படியே வச்சுக்கோங்க."

அவன் கார் முனை திரும்புவதற்குள் லொரெய்னின் போனில் செய்தி வந்தது: 'பொது அறை பாதுகாப்பானது. சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு அனுமதி உறுதி.'

அனுமதி இருக்கிறது, அறை இருக்கிறது, மாப்பிள்ளையும் இருக்கிறார், எல்லாம் பலகைக்கு அந்தப் பக்கம். லொரெய்ன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். சிரிப்பும் சேர்ந்து வந்தது, அதனால் விக்கலும் வந்தது.

"அவன் போயிட்டானா?" என்று சுவர் கேட்டது.

"போயிட்டான்."

"அப்ப நான் வெளிய வரேன். கொஞ்சம் சத்தமா இருக்கும்."

அறுபத்தாறு வீட்டிலும் மணி அடித்தது. நாய்கள், செருப்பில்லாத பிள்ளைகள், பாதி சவரம் செய்த ஆண்கள் எல்லாரும் புல்வெளிக்கு வந்தார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஐவியை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு வானத்தைப் பார்த்தாள். "இன்னும் சாம்பல் நிறமாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் உள்ளே போகலாம் என்றபோது, "இரு, இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. அதன் தலைவி அவசர வழியாகப் பொது அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தாள். கம்பியை அழுத்தினாள், தீயணைப்பானைத் தூக்கிப் பார்த்தாள், கூரையைத் தட்டினாள். நான்கு நிமிஷம்தான். "நல்ல அறை. அந்தப் பலகைய எடுத்துட்டு, நாளைக்கு ரெண்டு வழியையும் திறந்து வைங்க, ஒரு குறையும் வராது" என்றாள். பலூன் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள்.

டெல்ராய் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார். கையிடுக்கில் செய்தித்தாள்.

"எவ்வளவு போட்டான்?"

"நூறு. நூறு வாங்கி என்னங்க பண்றது? கேக்கைப் பலகை மேல ஒட்டறதா?" என்று சீறினாள் லொரெய்ன்.

"நூறா!" என்றார் அவர். சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறியதுபோல அவர் முகம் விரிந்தது. லொரெய்ன் இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டரை. லொரெய்ன் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய கடப்பாரையைப் பலகையின் ஓரத்தில் நுழைத்தாள். வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள். அப்போது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கார்ல் என்று பெயர் தைத்த சட்டையோடு ஒரு பெரிய உருவம் இறங்கியது.

"கடப்பாரைய எடும்மா, மரம் பிஞ்சுரும். எட்டரைக்கு எடுக்கணும்னு போட்டிருக்கு."

ஒரு விசேஷத் திருகியை வைத்து விர்ரென்று சுற்றினான். இரண்டு நிமிஷத்தில் பலகை இறங்கியது. உள்ளே தெரிந்தது அறை: இருபது மேசை, வெள்ளை விரிப்பு, கூரை முழுக்கப் பலூன்.

லொரெய்ன் கடப்பாரையைக் கீழே போட்டாள்.

"நேத்து அடிச்சதும் நீதானா? உள்ள ஆள் இருக்கறது தெரியலையா உனக்கு? யாருப்பா உன்னைக் கூப்பிட்டது?"

கார்ல் திருகாணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னான்.

"உள்ள இருந்தவருதாம்மா கூப்பிட்டாரு, அடிக்கறதுக்கும் எடுக்கறதுக்கும் ஒரே போன்ல. கவுன்சில்ல இருந்து அவரை வீட்டுக்கு அனுப்பினவங்க, அவரு எழுதின தணிக்கைக் கேள்வித்தாளை மட்டும் கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்களாமே!"