பதினான்காவது சொல்

"அட்டை ஓரத்துல இந்தத் தொங்கலெல்லாம் எதுக்கு?" என்று கேட்ட அதிகாரி, பதில் வருவதற்குள் அவற்றைக் கத்தரித்துவிட்டார்.

சாப்பாட்டு மேஜையில் மகள் அச்சடித்துக் கொண்டுவந்த கெட்டி அட்டை கிடந்தது. ஒரு பெட்டியைப் பிரித்துப் பரப்பினால் எப்படி இருக்குமோ அந்த வடிவம். ஒழுங்காக மடித்து ஒட்டினால் ஒரே ஒரு பல்பு வைக்கிற பெட்டியாகும். கூடவே ஒரு தாளும் இருந்தது. மேலே வடிவமைப்புப் பாடத்தின் கலைச்சொற்கள் பதினான்கு, பொருளோடு. கீழே பெட்டி செய்யும் முறை, ஏழே படிகள். அதிகாரி அந்தத் தாளை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மேஜையில் போட்டு அதன்மேல் காப்பி டம்ளரை வைத்தார். பதினான்காவது சொல் டம்ளருக்கு அடியில் போனது.

விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். 'அறிவுரைகளைப் படிக்காமல் நிரப்பப்பட்டது. திருப்பி அனுப்பப்படுகிறது' என்று ஒரு ரப்பர் முத்திரை வைத்திருந்தார். இதுவரை மூன்று முத்திரைகள் அவர் கையில் தேய்ந்து போயிருக்கின்றன. வீட்டுக்கு வந்தாலும் அவர் அதிகாரிதான். அந்தப் பதவியை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

"அட்டைய மடிக்க ஒரு பாடம். அதுக்கு ஒரு டீச்சர். அந்த டீச்சருக்குப் பதினாலு சொல்லு," என்றார். "வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"நீங்களே ஒரு தடவ செஞ்சு பாருங்களேம்பா," என்றாள் மகள். "நாளைக்கு டீச்சர்கிட்ட காட்டணும்."

நாளைக்குத்தான் விருப்பப் பாடப் படிவத்துக்கும் கடைசி நாள். அடுத்த வருஷம் வடிவமைப்பு படிக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். வணிகவியல்தான் என்று அதிகாரி இரண்டு காலிலும் நின்றார். படிவத்தில் அவர் கையெழுத்து விழாமல் ஒன்றும் நடக்காது. இந்த வேலைக்கு முழு மார்க் வாங்கிக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாங்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் கொடுத்த வாக்கு அது.

"அஞ்சு நிமிஷ வேலை. ஆனா நான் செய்யறப்ப நீ நடுவுல பேசக் கூடாது."

"பேச மாட்டேம்பா," என்று மகள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பதினைந்து வருஷத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சம்மதித்ததில்லை. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அதிகாரி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

தாளில் ஐந்தாவது சொல் ஒட்டு மடல். பசை தடவுவதற்கென்றே ஓரத்தில் நீட்டி விட்டிருக்கும் பகுதி. அதைத்தான் முதல் காரியமாகக் கத்தரித்துக் குப்பையில் போட்டிருந்தார். மூன்றாவது சொல் மடிப்புக்கோடு. புள்ளி புள்ளியாக இருக்கும், வெட்டக் கூடாது. அதிகாரி அத்தனை புள்ளிக்கோட்டையும் நூல் பிசகாமல் வெட்டினார். ஒரே அட்டை ஆறு துண்டாயிற்று.

"இத அச்சடிச்சவன் முட்டாள்," என்றார். "வெட்டினா தனித்தனியா வருது."

மகள் எழுதினாள்.

ஆறு துண்டுகளையும் விளிம்போடு விளிம்பு நிறுத்திப் பசை போட்டார். நிற்கவில்லை. இன்னும் பசை போட்டார். இப்போது நின்றது, ஆனால் மேஜை விரிப்பையும் சேர்த்துக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்ததில் விரிப்பிலிருந்து இரண்டு பூக்கள் பெட்டியோடு வந்துவிட்டன.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அது என் விரிப்பு."

"பெட்டிக்கு அடியில ஒரு பிடிமானம் வேணும்னு வச்சிருக்கேன்."

"தாள்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

"தாளப் பாத்துச் செய்யறதுக்கு நான் எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்று மனைவி உள்ளே போனாள்.

ஒட்டும் நாடா வந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, அப்புறம் எண்ணுவதற்கு அவருக்கே பொறுமையில்லை. நாடாவும் போதாமல் ஸ்டேப்ளர் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கையில் இருக்கும் கருவி, நம்பிக் குத்தினார். எல்லாம் முடிந்தபிறகுதான் அச்சடித்த பக்கம் உள்ளே போய்விட்டது தெரிந்தது. வெளியே வெறும் அட்டை. தடித்த பேனாவை எடுத்துத் தானே 'மின்விளக்கு' என்று எழுதினார். முதல் எழுத்துகளைத் தாராளமாக எழுதியதால் 'மின்விளக்' வரைதான் இடம் இருந்தது. 'கு' அடுத்த பக்கத்துக்குக் குடிபோனது.

"அளவு சரியா இருக்கான்னு பாத்துடலாம். பல்பு எடுத்துட்டு வா."

அதுவும் ஆறாம் படியில் போட்டிருந்தது: 'பல்பு வேண்டாம், அதே அளவு காகித உருண்டை போதும்.' மகள் வாய் திறக்கவில்லை. குளியலறை பல்பைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதிகாரி அதை உள்ளே அழுத்தினார். பாதி போனது. நன்றாக அழுத்தினார். ஸ்டேப்ளர் முனைகளெல்லாம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன.

சத்தம் கேட்டு மனைவி மறுபடி வந்தாள். "உடைஞ்சுதா?"

"உள்ள போயிடுச்சு."

"முழுசாவா, துண்டு துண்டாவா?"

அதிகாரி கையை வெளியே இழுத்தார். கட்டைவிரலில் ரத்தம். எதிரே மகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. பெண்ணின் ஒரு வருஷ ஆசையை நாடா சுற்றி, குத்து குத்தென்று குத்தி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாவம், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே என்று நினைத்தபோது கண் கலங்கியது. அந்தக் கலக்கம் அரை நிமிஷம் இருந்தது. பெட்டியைச் செய்தது யார் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் வந்ததும் கண் தானாகக் காய்ந்துவிட்டது.

"நாளைக்கு நானே வந்து டீச்சர்கிட்ட பேசறேன்," என்றார்.

"சரிப்பா," என்றாள் மகள். அதற்கும் உடனே சம்மதம்.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டீச்சர் எதிரில் போய் உட்கார்ந்தார். பை கிலுகிலுவென்றது.

"எம் பொண்ணு மேல தப்பு இல்ல டீச்சர். அட்டை மட்டமான அட்டை. கோடெல்லாம் கன்னாபின்னான்னு போட்டிருக்கான். இருந்தாலும் இந்த வயசுக்கு அவ சுமாரா செஞ்சிருக்கா. நான் தொடவே இல்ல."

டீச்சர் அவருடைய கட்டைவிரலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தாள். பெட்டியை இரண்டு கையாலும் பத்திரமாக எடுத்து நாலு பக்கமும் திருப்பினாள். பிறகு மகள் கொடுத்துவைத்திருந்த நோட்டைத் திறந்து, அதில் எழுதியிருந்த பதினோரு பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். இடையிடையே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"முழு மார்க்," என்றாள்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா?"

"இத்தன வருஷத்துல இந்த மாதிரி ஒண்ண நான் பாத்ததில்ல சார்."

"கொஞ்சம் உழைச்சா வராதது எது?" என்றார். நான் தொடவே இல்லை என்று சொன்னவர் அதற்குள் தோளை அகட்டிக்கொண்டுவிட்டார். "உண்மையச் சொல்லணும்னா, அங்கங்க நான்தான் கை குடுத்தேன். அவ பக்கத்துல உக்காந்து குறிப்பு எடுத்துக்கிட்டா."

"தெரியும் சார்."

வாக்கு என்றால் வாக்கு. படிவத்தை வாங்கி, பெருந்தன்மையோடு, கோடு போட்ட இடத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்த கட்டத்தில் அது அழகாக விழுந்தது. டீச்சர் இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். அது மகளின் கையெழுத்தில் ஏற்கெனவே நிரப்பித் தயாராக இருந்தது. போட வேண்டிய இடத்தில் டீச்சரே விரலை வைத்துக் காட்டினாள்.

"பெட்டிய இங்கயே வச்சுக்கோங்க. மத்த பிள்ளைங்களும் பாத்துக் கத்துக்கட்டும்," என்று அதிகாரி எழுந்தார்.

"வச்சுக்கறேன் சார். ஆனா மார்க் பெட்டிக்கு இல்ல," என்று டீச்சர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அதில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. காப்பி டம்ளரின் வட்டக் கறை பதினான்காவது சொல்லைச் சுற்றிப் பதிந்திருந்தது. அதிகாரி முதல் தடவையாக அதைப் படித்தார்.

'பயனர் சோதனை: பொருளை முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து, அவர் செய்யும் தவறுகளையெல்லாம் எழுதிக்கொள்வது.'

"செய்முறையப் படிக்கவே மாட்டேங்கற ஆளு யார் வீட்லயாவது இருக்காங்களான்னு வகுப்புல கேட்டேன் சார்," என்றாள் டீச்சர். "மத்தவங்க எல்லாம் தேடிப் பாக்க ரெண்டு நாள் டைம் கேட்டாங்க. உங்க பொண்ணு மட்டும் நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள கையத் தூக்கிட்டா."