ரிப்போர்ட் சாரின் குழப்பப் பாடம்

ஒருத்தருக்கும் ஒன்றும் புரியக்கூடாது என்று ரிப்போர்ட் சார் சபதம் எடுத்துக்கொண்டார்.

சபதம் எடுத்த இடம் அவர் வீட்டுக் குளியலறை. தலையில் ஷாம்பு நுரை. கண்ணில் எரிச்சல். எரிச்சலுக்குக் காரணம் ஷாம்பு மட்டும் இல்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆபீஸில் அதை எல்லோரும் மறந்து வெகுகாலம் ஆகிறது. அது மெத்தை செய்கிற கம்பெனி. அந்த மெத்தைக் கம்பெனியிலேயே மெத்தப் படித்தவர் தாம் ஒருவர்தான் என்பது அவருடைய அபிப்பிராயம். எத்தனை மெத்தை விற்றது, எங்கே விற்றது, எத்தனை திரும்பி வந்தது, யாருக்கு எது தெரியவேண்டும் என்றாலும் அவர் மேஜைக்குத்தான் வரவேண்டும். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் கணக்கை வெளியே இழுத்து ரிப்போர்ட்டாகப் போட்டுக் கொடுக்கும் வித்தை அவர் ஒருவர் கையில் இருந்தது.

சேல்ஸ் மேனேஜர் வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

"சார், போன மாச விற்பனை ரிப்போர்ட்…"

"நாளைக்கு வாங்க."

மறுநாள் வருவார்.

"நாளைக்குன்னு சொன்னேனே?"

"இன்னைக்குத்தானே சார் அந்த நாளை?"

"அது நேத்தைய நாளை. நான் சொல்றது நாளைய நாளை."

குடோன் இன்சார்ஜுக்கும் இதே மரியாதைதான். தையல் பிரிவு சூப்பர்வைசர் அம்மா மட்டும் நிற்கமாட்டார். ஸ்டூல் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கு அனுபவம் அதிகம்.

இந்த ரிப்போர்ட் வீட்டிலும் அவருக்குக் கைகொடுத்தது. அவர் மனைவி ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவளுடைய அக்கா கடலோரத்தில் இருக்கிறாள். அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று ஒவ்வொரு லீவிலும் அவள் கேட்பாள். அக்கா வீட்டில் கடல் இருக்கிறது, காற்று இருக்கிறது, கூடவே அக்கா புருஷனும் இருக்கிறார். அந்தச் சகலை விடியும் முன்னே எல்லோரையும் எழுப்பி மொட்டைமாடியில் மூச்சுப் பயிற்சி செய்ய வைப்பவர். சகலையை நினைத்தாலே ரிப்போர்ட் சாருக்கு மூச்சு வாங்கும்.

"நான் ஒரு நாள் இல்லேன்னா அங்க ஒரு ரிப்போர்ட் நகராதே, நான் என்ன பண்ணட்டும்?" என்பார், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. டீச்சர் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுவாள்.

இப்படி வாழ்க்கை மெத்தைமேல் படுத்த மாதிரி போய்க்கொண்டிருந்தபோதுதான், டை கட்டிய ஒரு விற்பனைக்காரர் ஆபீஸுக்குள் நுழைந்தார். கையில் லேப்டாப். அதற்குள் ஒரு சாஃப்ட்வேர்.

"இது செல்ஃப் சர்வீஸ் மேடம்" என்றார் எம்.டி. அம்மாவிடம். "யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவங்கவங்களுக்கு வேணும்கறதை அவங்கவங்களே இழுத்துப் போட்டுப் பார்த்துக்கலாம்."

எம்.டி. அம்மாவின் முகம் மலர்ந்தது. ரிப்போர்ட் சார் பக்கம் திரும்பினார்.

"இனிமே உங்களுக்கு நிம்மதி சார். இத்தனை நாள் தனியா கஷ்டப்பட்டீங்க. எல்லாருக்கும் நீங்களே வகுப்பு எடுத்துச் சொல்லிக்கொடுத்துடுங்க."

உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் ஆணியை உன் கையாலேயே பிடுங்கிப்போடு என்று சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தார். டீச்சர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"செல்ஃப் சர்வீஸாம்! அவங்கவங்க வேணும்கறதை அவங்கவங்களே எடுத்துக்கணுமாம்!"

"நல்ல விஷயம்தானே. சாப்பாடு அடுப்படியில இருக்கு."

"இருக்கட்டும்."

"இருக்கத்தான் போகுது. நீங்க போய் எடுத்துக்கற வரைக்கும்."

மேற்கொண்டு பேசினால் வம்பு என்று குளிக்கப் போனார். அங்கேதான் அந்தச் சபதம். துண்டோடு வெளியே வந்து மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"வகுப்பு எடுக்கப்போறேன். ஆனா எப்படி எடுப்பேன் தெரியுமா? ஒரு எழுத்துகூடப் புரியாத மாதிரி எடுப்பேன். தலை சுத்தி எல்லாரும் திரும்ப என் மேஜைக்கே வந்து நிக்கணும்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள். "உங்களுக்குப் புரிஞ்சுதா அந்த சாஃப்ட்வேர்?"

"எனக்கு எதுக்குப் புரியணும்?"

"புரிஞ்சாத்தானே எதைச் சொன்னா புரியாதுன்னு தெரியும்? தப்பித்தவறி, புரியற மாதிரி ஏதாவது சொல்லித் தொலைச்சுட்டீங்கன்னா?"

ரிப்போர்ட் சாருக்குப் பகீரென்றது. இப்படி ஒரு ஆபத்து இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"என்கிட்ட ஒத்திகை பாருங்க" என்றாள் அவள். "கணக்கு டீச்சர் எனக்கே புரியலேன்னா அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

என்ன மனைவி! என்ன பாசம்! உடனே சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப்பைத் திறந்தார். கனைத்துக்கொண்டார்.

"இதுக்குப் பேரு டேஷ்போர்டு."

"டேஷ்னா? கோடிட்ட இடமா? நிரப்பணுமா?"

"ஆங்… ஆமா. இல்ல. நிரம்பித்தான் இருக்கும். ஆனா எதால நிரம்பியிருக்குன்னு சொல்லமுடியாது."

"சபாஷ். குழப்பம் நல்லா இருக்கு. அப்புறம்?"

"இங்க டைமென்ஷன்னு ஒண்ணு, மெஷர்னு ஒண்ணு. டைமென்ஷன்னா எது மெஷர் இல்லையோ அது. மெஷர்னா எது டைமென்ஷன் இல்லையோ அது."

"எனக்கு டென்ஷன்தான் வருது."

"அதுதான் வேணும்!"

"இது என்ன, வட்டமா?"

"பை சார்ட்."

"பைன்னா, பொருள் வாங்கப் போற பையா?"

ரிப்போர்ட் சார் யோசித்தார். பை சார்ட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கும் தெரியாது. "அதேதான். கணக்கையெல்லாம் பையில போட்டுக் கட்டறோம்."

"கொஞ்சம் மவுஸைக் குடுங்க. எதைத் தப்பா இழுத்தா என்ன ஆகுதுன்னு பார்த்துவைக்கறேன். உங்களுக்கு உதவும்."

அவர் மவுஸைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சாப்பாட்டைத் தாமே எடுத்துப் போட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது அவள் எதையோ இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். நடுநடுவே "ஓஹோ" என்றாள். பாவம், நன்றாகக் குழம்பிவிட்டாள் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

முதல் வகுப்பு அமர்க்களமாக நடந்தது. குடோன் இன்சார்ஜ் வாயைத் திறந்தவர் மூடவில்லை. சேல்ஸ் மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார், அப்போதும் தெரியவில்லை. தையல் சூப்பர்வைசர் அம்மா, "சார், டைமென்ஷன்னா என்னன்னு இன்னொரு தடவை சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"மெஷர் அல்லாதது."

"மெஷர்னா?"

"அதைத்தானே இப்ப சொன்னேன்?"

ஒத்திகை வீண்போகவில்லை. சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை குடோன் இன்சார்ஜ் நேராக எம்.டி. அம்மா அறைக்குள் போனார். கையில் லேப்டாப். திரையில் நீலமும் சிவப்புமாகக் கட்டங்கள். மெத்தைகள் எங்கெங்கேயிருந்து திரும்பி வருகின்றன என்று அழகாக, தெளிவாக, அவரே போட்ட படம்.

ரிப்போர்ட் சாருக்கு ஒன்றும் ஓடவில்லை. இது எப்படி முடியும்? பாடத்தில் எங்கேயோ வெளிச்சம் கசிந்துவிட்டது. எங்கே?

அடுத்த வகுப்பில் வெளிச்சத்தை அடைத்தார். கடைசிப் பாடத்தை முதலில் சொன்னார். நடுப் பாடத்தைச் சொல்லவே இல்லை. ஃபில்டர் என்றால் தண்ணீர் ஃபில்டரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தண்ணீரை நினைக்காதீர்கள் என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் பலகையில் எழுதினார். எல்லோரும் நொந்துபோய் எழுந்து போனார்கள்.

அதற்கடுத்த நாள் சேல்ஸ் மேனேஜர் ஃபில்டர் போட்டே ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்தார்.

குழப்பம் கூடக்கூட அவர்களுக்குத் தெளிவும் கூடியது. ரிப்போர்ட் சார் தலைகீழாகச் சொன்னால் அவர்கள் நேராகச் செய்தார்கள். சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் செய்தார்கள். போதாக்குறைக்கு குடோன் இன்சார்ஜ் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஈரமாகித் திரும்பி வந்த மெத்தைகள் அத்தனையும் ஒரே லாரியில் போனவை. அந்த லாரியின் கூரையில் ஓட்டை. தையல் சரியில்லாமல் ஈரம் இறங்குகிறது என்று இத்தனை நாள் திட்டு வாங்கிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அம்மா, அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். ரிப்போர்ட் சார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கணும் சார் நீங்க. உங்க வகுப்புல உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணுமே புரியறதில்லை. வீட்டுக்குப் போனதும்தான் எல்லாம் பளிச்சுனு புரியுது."

"எப்படி?" என்றார் அவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில்.

"அதான் சார் எங்களுக்கும் ஆச்சரியம்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அவசரமாகப் போய்விட்டார்.

அன்று வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று தமக்குத்தாமே பாடம் நடத்திப் பார்த்தார். கவனமாகக் கேட்டார். புரியவில்லை. வீட்டில்தானே இருக்கிறோம், இனிமேல் புரியும் என்று சாப்பாடு முடியும்வரை காத்திருந்தும் பார்த்தார். ஊகூம்.

"ஏம்மா, என்கிட்ட கேட்டவங்க அத்தனை பேருக்கும் புரியுது. சொல்ற எனக்கு மட்டும் ஏன் புரியமாட்டேங்குது?"

"விளக்குக்குக் கீழதாங்க நிழல் இருக்கும்" என்றாள் டீச்சர். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கேட்கலாம் என்றால் அவளுக்குப் போன் வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே சாயங்காலமானால் பால்கனிக்குப் போய்ப் போனில் யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மக்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வார முடிவில் எம்.டி. அம்மா அவரைக் கூப்பிட்டார். "சார், நீங்க பிறவி ஆசிரியர். இப்ப எல்லாரும் அவங்கவங்க ரிப்போர்ட்டை அவங்கவங்களே போட்டுக்கறாங்க. உங்க லீவுக் கணக்கைப் பார்த்தேன், அப்படியே கிடக்குது. எடுத்துக்கிட்டுக் குடும்பத்தோட எங்கேயாவது போயிட்டு வாங்க."

"ஐயோ, நான் இல்லேன்னா ரிப்போர்ட்…"

"நகரும் சார். அதான் நீங்க சொல்லிக்கொடுத்துட்டீங்களே."

தாம் கெட்டிக்காரராகிக் கெட்டுப்போனது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. லீவு விஷயத்தை வீட்டில் மூச்சுவிடக்கூடாது என்று முடிவு செய்தபடி கதவைத் திறந்தார். கூடத்தில் பெட்டி தயாராக நின்றது.

"லீவு கிடைச்சாச்சுல்ல? உங்க சட்டையெல்லாம் வெச்சுட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சிதான் சொல்லுதே."

மூஞ்சிமேல் அவருக்குக் கோபம் வந்தது.

ரயிலில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் டீச்சர். ஊர்கள் பின்னால் ஓடின. சகலையும் மொட்டைமாடியும் முன்னால் நெருங்கினார்கள். சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரு ஆபத்து வராதா? ஒரு ரிப்போர்ட் சிக்கிக்கொள்ளாதா? அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி ஓடிவிடலாமே.

போன் அடித்தது. குடோன் இன்சார்ஜ்! ரிப்போர்ட் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரயில்பெட்டி முழுவதும் கேட்கிற குரலில், "சொல்லுங்க, எந்த ரிப்போர்ட் நகரலை?" என்றார்.

"எல்லாம் நகர்ந்துடுச்சு சார். ஒரே ஒரு சின்ன சந்தேகம்."

"கேளுங்க, கேளுங்க!"

"அது வந்து… தப்பா நினைக்காதீங்க சார். டீச்சர் போன் கிடைக்கலை. பக்கத்துல இருந்தாங்கன்னா கொஞ்சம் அவங்ககிட்ட குடுக்கறீங்களா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"சொல்லுங்க தம்பி. அதேதான், பதறாதீங்க. எதை எண்ணறீங்களோ அது மெஷர். எதுவாரியா பிரிக்கறீங்களோ அது டைமென்ஷன். மெத்தையை எண்ணுங்க, லாரிவாரியா பிரிங்க. இப்ப கடைவாரியா வேணும்னா லாரியை எடுத்துட்டுக் கடையை இழுத்துப் போடுங்க. வந்துதா?"

'ஓ, அதுதானா அது!' என்று ரிப்போர்ட் சார் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் புரிந்தது.

"எப்பலேருந்து நடக்குது இது?" என்று மெல்லக் கேட்டார்.

டீச்சர் போனைக் கையால் பொத்தினாள். "முதல் வகுப்பு அன்னைக்குச் சாயங்காலம் நீங்க குளிச்சுக்கிட்டிருந்தீங்க. உங்க போன்ல அந்தத் தம்பி அழாத குறையா பேசினார். நான் எடுத்தேன். மறுநாள் மத்தவங்களும் கேட்டாங்க. நீங்க ஒத்திகையில சொன்னதை எல்லாம் அப்படியே நேர்மாறா சொன்னேன். சரியா வந்துது."

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே?"

"நான்தான் சொல்லவேண்டாம்னேன். நீங்க சொல்லிக்கொடுத்ததாவே இருக்கட்டுமே, உங்களுக்கும் பேரு கிடைக்கட்டுமேன்னு."

கோபப்படுவதா, நன்றி சொல்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படியே பார்த்தாலும், வகுப்பு எடுத்தவர் அவர்தானே? அதில் ஒரு பங்காவது அவருக்கு உண்டுதானே?

"அப்ப நான் இப்ப என்னதான் பண்றது?" என்று கேட்டார்.

"கொஞ்சம் எந்திரிச்சு இந்தப் பக்கம் உட்காருங்க" என்றாள் டீச்சர். "ஜன்னல்கிட்டதான் சிக்னல் கிடைக்குது."