விராட் வண்டியும் பெறுநர் இல்லாத மனுவும்

சோலைசாமிபட்டிச் சிவனாண்டி ஒரு முடிவெடுத்தார். விவசாயிகள் சங்க மாநாட்டுக்கு இந்த முறை நடந்து போவதில்லை.

முப்பத்திரண்டு வருஷமாக நடந்தவர் அவர். பருத்திக்கு விலை கேட்டு நடந்தார். மிளகாய் வத்தலுக்கு விலை கேட்டு நடந்தார். கண்மாயைத் தூர் வாரச் சொல்லிக் கோவில்பட்டிக்கு நடந்த நடையில் தேய்ந்த செருப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால், அவற்றைக் கொண்டே கண்மாய்க்கு இன்னொரு கரை போட்டிருக்கலாம். கடைசியாக நாற்கரச் சாலைக்கு நிலம் தரமாட்டோம் என்று பதினோரு நாள் பந்தலில் உட்கார்ந்தார். பன்னிரண்டாம் நாள் பந்தல் இருந்த இடத்திலேயே சாலைக்குக் கல் ஊன்றினார்கள். அவருடைய ரெண்டு ஏக்கர் கரிசல் போயிற்று. பதிலுக்குப் பாங்கில் பணம் வந்து விழுந்தது.

"என் நிலத்து மேல எவனெவனோ கார்ல போவான். நான் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் ஒரு கார் வாங்கினார்.

சின்னக் கார் இல்லை. 'விராட்' என்று பெயர். ஜீப்புக்கு மேலே, லாரிக்குக் கீழே. மிளகாய்ப் பழ நிறம். ஏறுவதற்கு வேட்டியை மடித்துக் கட்ட வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் ஊரே கீழே தெரியும். ஐம்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலுக்கு நாற்பது நாள் போய், லைசென்சும் எடுத்துவிட்டார்.

வண்டி வந்த மறுவாரம் பத்திரிகைக்காரர்கள் வேலையைக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒருவர், 'முன்தோற்றம் கம்பீரம். வளைவில் படகுபோல் ஆடுகிறது' என்று எழுதியிருந்தார். மோட்டார் மாத இதழில் இன்னொருவர், கியர் மாற்றுவதற்குப் புஜபலம் வேண்டும், டீசலை மோர் மாதிரி குடிக்கிறது, மூன்றாம் வரிசை இருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது என்றெல்லாம் அடுக்கிவிட்டு, ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் போட்டிருந்தார்.

சிவனாண்டி அசரவில்லை. ஊர்வலத்தில் பத்தாயிரம் பேர் போனால் மறுநாள் போலீஸ் கணக்கில் எண்ணூறு பேர்தான் இருப்பார்கள். அதைப் பார்த்துப் பழகியவர். "இவன் ரெண்டரைன்னு எழுதுனா அஞ்சுன்னு அர்த்தம்" என்று மனைவி பாலம்மாளுக்கு விளக்கினார்.

பாலம்மாள் ஆட்டுக்குட்டிக்கு அகத்திக்கீரை ஒடித்துப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் கடைசி சீட்டப் பத்தி எழுதிருக்காம்லா, அத இன்னொரு தடவ வாசிங்க."

'ஆனால் அந்த இருக்கையைக் கழற்றிவிட்டால், இவ்வளவு இடம் தரும் வண்டி இந்த விலையில் வேறு இல்லை' என்று வாசித்தார்.

"இதும் போலீசுக் கணக்குதானா?"

"இது ஒண்ணு மட்டும் உண்மை" என்றார் சிவனாண்டி.

பாலம்மாள் அந்த ஊர் மகளிர் குழுவின் தலைவி. குழுவில் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் ஆடு வளர்க்கிறவர்கள். சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்குக் கொண்டுபோனால் நல்ல விலை. ஆனால் பஸ்ஸில் ஆடு ஏற்றமாட்டார்கள். மினி லாரிக்காரன் லாரி நிறைய ஆடு இருந்தால்தான் வருவான். அதனால் கருத்தையா என்கிற வியாபாரி ஊருக்கே வந்து, ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்து, வானத்தைப் பார்த்து, ஒரு விலை சொல்வான். அதுதான் விலை.

சிவனாண்டிக்கு அதெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை. அவருக்கு ஞாபகத்தில் இருந்தது ராமசுப்பு. சங்கத்தைத் தொடங்கியவர் சிவனாண்டி. அவர் ஜெயிலில் இருந்த மூன்று மாதத்தில் தலைவரானவர் ராமசுப்பு. மாநாட்டுக்கு ராமசுப்பு வெள்ளைக் காரில் வந்து இறங்குவார். தாரை தப்பட்டை முழங்கும். சிவனாண்டி வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்து, மூன்றாம் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். இருபத்தைந்தாவது ஆண்டு மாநாடு வருகிற சனிக்கிழமை, கோவில்பட்டியில். காலை பத்து மணிக்கு, ராமசுப்புவுக்கு முன்னால், வரவேற்பு வளைவுக்குக் கீழே விராட் போய் நிற்க வேண்டும். அந்தத் தப்பட்டை ஒரு தடவையாவது தனக்காக அடிக்க வேண்டும். இதற்குத்தான் வண்டி.

வெறும் வண்டி போனால் போதுமா? எட்டயபுரம் ரோட்டில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் ஜெயபாண்டியிடம் கொண்டுபோய் விட்டார். முன்னால் இரும்பு கார்டு போட்டாயிற்று. எருமை முட்டினால் எருமைக்குத்தான் சேதம். பனிவிளக்கு ரெண்டு மாட்டினார். கோவில்பட்டியில் பனி எங்கே என்று ஜெயபாண்டி கேட்டதற்கு, விளக்கு இருந்தால் பனி தானாக வரும் என்றார். மூன்று ராகம் பாடும் காற்று ஹாரன். கூரையில் புனல் ஸ்பீக்கர், உள்ளே மைக். முன்கண்ணாடிக்குக் கீழே தலையாட்டும் நாய் பொம்மை ஒன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் ராமசுப்புவின் ஞாபகம் வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

மூன்றாவது நாள் பாலம்மாளும் கடைக்கு வருகிறேன் என்றாள். சிவனாண்டி சண்டைக்குத் தயாராகத்தான் போனார். சண்டையே வரவில்லை. வெல்வெட் சீட் கவரில் கரிசல் தூசி அப்பிக்கொள்ளும், ரெக்சின் போட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம் என்றாள். நியாயமாகப் பட்டது. கால்மிதிக்குப் பதில் ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்பு என்றாள். சரி. மேலே கேரியர் பெரிதாக, சுற்றிலும் கம்பி வைத்து இருக்க வேண்டும். கொடிக்கம்பு எல்லாம் கட்ட வேண்டாமா என்றாள். சிவனாண்டிக்குப் புல்லரித்தது. கடைசி சீட்டைக் கழற்றிவிட்டால் துண்டறிக்கைக் கட்டுகளை அடுக்கலாம் என்றாள். அந்தக் கட்டுகள் சரிந்து அவர் தலையில் விழாமல் இருக்க, நடுவில் ஒரு இரும்புக் கிராதியும் வேண்டும் என்றாள்.

"எவ்வளவு உயரம்க்கா?" என்று ஜெயபாண்டி கேட்டான்.

பாலம்மாள் தன் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினாள். "இம்புட்டு இருந்தாத் தாண்டாது."

துண்டறிக்கை எதற்குத் தாண்டப் போகிறது என்று சிவனாண்டி யோசித்திருக்கலாம். அவர் அப்போது ஹாரனின் மூன்றாவது ராகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு மனைவிக்குத் தன் கொள்கை புரிந்துவிட்டது என்று வழியெல்லாம் பூரித்துக்கொண்டே வந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழுவுக்காக ஒரு மனு எழுத வேண்டும் என்றாள்.

சிவனாண்டிக்குக் கண் மின்னியது. அவரிடம் மனு எழுதக் கேட்டு ரெண்டு வருஷமாக யாரும் வரவில்லை. எல்லோரும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து, முழு வெள்ளைத்தாளும் கார்பனும் எடுத்து, பேனாவை உதறினார். 'பெறுநர்' என்று எழுதி, கீழே நாலு விரல் இடம் விட்டார். அது அவருடைய பழக்கம். மனுவைத் தாசில்தாரிடம் கொடுத்தால் என் கையில் இல்லை என்பார். கோட்டாட்சியர், மேலே கேளுங்கள் என்பார். அதனால் முதலில் மனு, பெறுநர் பிறகு. யாரிடம் போகும் என்று பார்த்து எழுதினால் பேனா பயப்படும் என்பது அவருடைய கட்சி.

"சந்தைக்கு ஆடு கொண்டுபோக ஒரு வண்டி குடுத்தாப் போதும்ங்க" என்றாள் பாலம்மாள்.

"வண்டிய மட்டும் கேட்டா, டிரைவர் இல்லன்னு ஷெட்டுல நிப்பாட்டிருவான். 'ஓட்டுநருடன்'னு போடணும்."

"சனிக்கெழம மட்டும் போதும்."

"'சனிக்கிழமைதோறும், விடியற்காலை ஐந்து மணிக்கு, தவறாமல்.'"

"டீசல் நாங்க வேணா..."

"நீங்க ஏன் போடணும்? அதையும் அவன் தலையில கட்டு."

"அவிய பாவம்லா."

"எந்த அதிகாரி பாவம்? உனக்கு இவனுகளத் தெரியாது. 'பரிசீலிக்கிறோம்'பான். அதுக்கு இப்பவே ஒரு பத்தி வைக்கேன் பாரு." எழுதினார்: 'பரிசீலனை, கால அவகாசம், வேறு முக்கிய அலுவல் என்ற எந்தச் சாக்குப்போக்கையும் ஏற்கமாட்டோம். வரும் சனிக்கிழமை முதலே நிறைவேற்ற வேண்டும். மறுத்தால், சம்பந்தப்பட்டவருக்குச் சோறு தண்ணீர் செல்லாதபடி முற்றுகையிடுவோம்.'

பாலம்மாள் அதை ரெண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சோறு தண்ணீர் என்கிற இடம் நன்றாக இருக்கிறது என்றாள். பெண்கள் பயப்படாமல் இருப்பதற்காக முதல் கையெழுத்தைச் சிவனாண்டியே போட்டார். மூன்று நகலிலும் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விராட்டைக் குளிப்பாட்டி, முன் கார்டில் கொடி கட்டி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மாநாட்டுப் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். 'விலையை விளைவிக்கிறவன்தான் சொல்ல வேண்டும்' என்று கையை ஓங்கியபோது கண்ணாடியில் பன்னிரண்டு பெண்கள் தெரிந்தார்கள். வாசலில் வரிசையாக நின்றார்கள். பாலம்மாள் முன்னால் வந்து தாளை நீட்டினாள்.

பெறுநருக்குக் கீழே பாலம்மாளின் குண்டு எழுத்து இருந்தது: 'உயர்திரு சிவனாண்டி அவர்கள், விராட் வண்டி உரிமையாளர், சோலைசாமிபட்டி.'

சிவனாண்டி தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் காலியாக இருந்தது. திரும்பவும் முன்பக்கம் பார்த்தார். முதல் கையெழுத்து அவருடையதுதான்.

"என்னட்டி இது?"

"மனுங்க."

"நாளைக்கு மாநாடு."

"'வேறு முக்கிய அலுவல்'னு மூணாவது பத்தியில இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுதேன்."

"அது 'பரிசீலனை'. அதுக்கு முன்னாலயே இருக்கு."

"அடுத்த வாரம் பாத்துக்கிடலாம்ட்டி."

"'கால அவகாசம்.'"

"வண்டிய வேணா எடுத்துக்கோங்க. நான் பஸ்ல போயிருதேன்."

"'ஓட்டுநருடன்'னு நீங்கதான போடச் சொன்னீங்க. எங்களுக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

சிவனாண்டி சமையலறைப் பக்கம் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. மனுவின் கடைசி வரி ஏற்கெனவே அமலுக்கு வந்துவிட்டது.

ஆயுளில் ஒரு மனுவைக்கூட அவர் வாபஸ் வாங்கியதில்லை. தன் கையெழுத்துப் போட்ட கோரிக்கையைத் தானே மறுத்தால், நாளைக்கு எந்தத் தாசில்தார் முகத்தில் விழிப்பது? பேனாவை எடுத்து, மூலையில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதினார்.

விடிகாலை ஐந்து மணிக்கு விராட்டின் பின்பக்கம் பதினேழு ஆடுகள் ஏறின. கிராதி கனகச்சிதமாக இருந்தது. கேரியரில் கொடிக்கம்புக்குப் பதில் தழைக்கட்டு. நடுச்சீட்டில் பாலம்மாளோடு நாலு பெண்கள். மற்றவர்கள் முதல் பஸ்ஸில். வளைவில் வண்டி ஆடியது. பதினேழு தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே பக்கம் நிமிர்ந்தன. பொம்மை நாயும் கூடவே ஆடியது. பத்திரிகைக்காரர் எழுதியது போலீஸ் கணக்கு இல்லை என்று சிவனாண்டிக்கு அப்போதுதான் பட்டது.

சந்தையில் அவர் டிரைவர் சீட்டை விட்டு இறங்கவில்லை. கருத்தையா அங்கும் வந்து, பாலம்மாளின் கிடாய் காதைப் பிடித்து, வானத்தைப் பார்த்தான். அதற்கு மேல் சிவனாண்டியால் பொறுக்க முடியவில்லை. மைக்கை எடுத்தார். மாநாட்டுக்காக வைத்திருந்த பேச்சு, பத்து நிமிஷமும், புனல் வழியாகச் சந்தை முழுக்கக் கொட்டியது. விலையை விளைவிக்கிறவன்தான் சொல்ல வேண்டும் என்று முழங்கியபோது, ராஜபாளையத்து வியாபாரிகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டம் மொய்த்தது. எட்டரை மணிக்கு ஓர் ஆடு பாக்கியில்லை. பாலம்மாள் சொன்ன விலைக்குக் கருத்தையாவே ரெண்டு வாங்கிக்கொண்டான்.

இன்னும் நேரம் இருந்தது. சிவனாண்டி பெண்களை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்கு மிதித்தார். பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது மூன்று ராகத்தையும் அடித்துக்கொண்டு விராட் வளைவுக்குக் கீழே போய் நின்றது. ராமசுப்பு இன்னும் வரவில்லை. தப்பட்டை முழங்கியது. சிவனாண்டி வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இறங்கினார். தப்பட்டைக்காரர்கள் அவரைத் தாண்டிப் போய்ப் பின்கதவுப் பக்கம் நின்றார்கள். மனு விஷயமும் சந்தைச் செய்தியும் செல்போனில் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தன. இறங்கிய பாலம்மாளுக்குத்தான் தப்பட்டை அடி.

பிறகு வந்த ராமசுப்பு பாலம்மாளை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார். இந்தச் சங்கத்தின் சரித்திரத்தில் கொடுத்த மறுநாளே நிறைவேறிய முதல் மனு இதுதான் என்று அறிவித்தார். அவ்வளவு சீக்கிரம் பணிந்த அந்த அதிகாரி யார் என்று மைக்கிலேயே கேட்டார். பாலம்மாள் மோவாயால் காட்டினாள். மூன்றாம் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த சிவனாண்டியை மூவாயிரம் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ் கணக்கில் முந்நூறு.

திரும்பி வரும்போது வண்டியில் ஆட்டு வாடையும் சால்வை வாடையும் கலந்து அடித்தன. அவருடைய நிலம் இருந்த இடம் வந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சிவனாண்டிக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் நெஞ்சு நிமிர்ந்தது.

"முப்பத்திரண்டு வருஷத்துல எத்தன மனு எழுதிருப்பேன். ஒண்ணுகூட நெறவேறல. இது நெறவேறிருச்சு. வாசகம் அப்படி. ஒவ்வொரு பத்தியும் நான் எழுதுனது."

பாலம்மாள் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாசகத்துல என்னங்க இருக்கு. அதிகாரி, சொன்னதக் கேக்குத ஆளா அமையணும்லா."