முப்பதைத் தாண்டாத பத்மநாபன்

"அறுபதுன்னு சொன்னதுக்கா வெளியே அனுப்பிட்டார்?"

"கேட்டுக்கோ. நம்ம ராம்பிரசாத் வண்டி பார்க்கப் போனான். 'எவ்வளவு வேகத்துல ஓட்டுவீங்க?'ன்னு கர்னல் கேட்டிருக்கார். இவன் 'அறுபது சார்'னு உண்மையைச் சொல்லித் தொலைச்சிட்டான். குடிச்ச காபி தொண்டையில இறங்கறதுக்குள்ள வாசலைக் காட்டிட்டாராம்."

வங்கியில் பக்கத்து மேஜைக்காரனான சந்திரமௌலி இதைச் சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினான். பத்மநாபனுக்கு அதற்கு மேல் சப்பாத்தி இறங்கவில்லை.

புனேயில் அந்த வருஷம் பழைய காருக்குப் பஞ்சமே இல்லை. கராடியில் ஐ.டி. பையன்கள் சட்டை மாற்றுவதுபோல் கார் மாற்றிக்கொண்டிருந்தார்கள். பத்மநாபனும் ஊரிலுள்ள கார்களில் எல்லாம் ஏறி உட்கார்ந்தான், கதவை அடித்துச் சாத்தினான், விஷயம் தெரிந்தவன் போல டயரை உதைத்தான். ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. கோர்படியில் ரிடையர்டு கர்னல் கல்யாணசுந்தரத்தின் வீட்டு வாசலில் நின்ற சின்னச் சிவப்புக் கார்தான் பிடித்தது.

அதே ரகக் காரில் ஒருமுறை சந்திரமௌலியின் மைத்துனன் இவனை லோனாவலா மலைப்பாதையில் அழைத்துப் போயிருந்தான். எந்த வளைவிலும் கார் சாயவில்லை, அலையவில்லை. பாதி வழியில் ஸ்டியரிங் இவன் கைக்கு வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் தன் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று பத்மநாபன் நினைத்தான். நினைத்ததோடு நிறுத்திக்கொண்டான்.

காரணம் மனைவி வனஜா. இவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் "மெதுவா, மெதுவா" என்று முதுகில் தட்டிக்கொண்டே வருவாள். கார் ஓட்ட இருவரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டார்கள். அவளுக்கு முதல் தடவையிலேயே லைசென்ஸ் கிடைத்தது. இவனுக்கு எத்தனையாவது தடவை என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"அறுபது ஆகாதுன்னா நாற்பதுன்னு சொல்லிடு. கார் கைக்கு வந்தப்புறம் யார் வந்து பார்க்கப் போறா?" என்றான் சந்திரமௌலி.

சனிக்கிழமை பத்மநாபன் ஆட்டோவில் போய் கர்னல் வீட்டு வாசலில் காத்திருந்தான். வனஜா கேம்ப் பகுதியில் பள்ளிக்கூட டீச்சர். பள்ளி விட்டதும், வெயிலுக்கும் புழுதிக்கும் பயந்து ஊர்ப் பெண்கள் எல்லாரையும் போல முகம் முழுக்க மஞ்சள் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு தன் கைனடிக் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். மதிலுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, துப்பட்டாவைப் பையில் திணித்தாள்.

"நல்லதா நாலு வார்த்தை சொல்லு. நிதானமானவன்னு சொல்லு" என்றான் பத்மநாபன்.

"அதுல பொய் சொல்ல என்ன இருக்கு?"

கர்னல் ஊரைவிட்டு வந்து பல வருஷம். மீசை மட்டும்தான் இன்னும் மதுரையில் இருந்தது. பேச்சில் பாதி இந்தி. அவர் மனைவி சரசா தட்டில் அவல் போஹா கொண்டுவந்து வைத்தாள்.

"முதுகுக்கு உசரமான வண்டிதான் டீக், அதான் சரின்னு டாக்டர் சொல்லிட்டார். அதனாலதான் கொடுக்கறேன். ஐரா கைரா யார்கிட்டயும் தர மாட்டேன். நீங்க எவ்வளவு வேகத்துல ஓட்டுவீங்க?"

"நாற்பது சார்."

மீசை துடித்தது. ஐயோ, நாற்பதும் ஜாஸ்தியோ என்று பத்மநாபனுக்குப் பதறியது.

"அதுகூட ரோடு காலியா இருந்தாத்தான். மத்தபடி முப்பது."

"வளைவு வந்தா?"

"நிறுத்திடுவேன் சார். ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் எடுப்பேன்."

"லோனாவலா போகணும்னா?"

"ரயில்ல போயிடுவோம்."

கர்னல் கண்ணை மூடிக்கொண்டார். மனம் நெகிழ்ந்துவிட்டார் என்று பத்மநாபன் எடுத்துக்கொண்டான். வனஜாவுக்கும் பெருமை தாங்கவில்லை. "ரொம்ப நிதானம் சார் இவர்" என்றாள்.

"அச்சா. ஓட்டிக் காட்டுங்க."

பத்மநாபன் ஸ்டியரிங்கில் கை வைத்தான். கார் தொட்டால் துள்ளியது. அதை அதட்டி, அடக்கி, இரண்டாவது கியரிலேயே ரோட்டில் ஏற்றினான். பால்கார சைக்கிள் ஒன்று முந்தியது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அடுத்தாற்போல் ராணுவப் பயிற்சிப் பையன்கள் வரிசையாக ஓடி வந்து காரைத் தாண்டிப் போனார்கள். கடைசிப் பையன் ஓடிக்கொண்டே கர்னலுக்கு ஒரு சல்யூட் வைத்தான். கர்னல் சீட்டில் தாழ்ந்து உட்கார்ந்தார்.

"சார், ரொம்ப வேகமா போறேனோ?" என்று பணிவாகக் கேட்டான் பத்மநாபன்.

"வீட்டுக்கு விடுங்க" என்றார் கர்னல்.

வாசலில் இறங்கியதும் அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "வண்டி உங்களுக்கு இல்லை மிஸ்டர் பத்மநாபன்."

பத்மநாபனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்டினபோது அந்தக் கார் எவ்வளவு ஆசையாகத் துள்ளியது என்று அவன் கைக்குத் தெரியும். "சார், வேணும்னா இருபதுலயே ஓட்டறேன். எழுதிக்கூடத் தரேன்."

"பஸ் கரோ, போதும்."

வனஜாவுக்குப் புருஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "விடுங்க, வேற நல்ல வண்டியா பார்ப்போம். நான் குட்டி சஹானாவை டான்ஸ் கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டு வரணும். நீங்க ஆட்டோல வந்துடுங்க" என்றாள். மதிலுக்கு வெளியே போய், மஞ்சள் துப்பட்டாவை எடுத்து முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டி, கைனடிக்கைக் கிளப்பினாள்.

வழியனுப்ப கேட்டுவரை வந்திருந்த கர்னல் அப்படியே நின்றார். அடுத்த நிமிஷம் முதுகுவலியை மறந்து, "ருக்கோ, ருக்கோ, நில்லுங்க" என்று தெருவில் ஓடினார். கைனடிக்கின் முன்னால் போய் நின்று, பையிலிருந்த சாவியை எடுத்து வனஜாவின் கையில் வைத்து மூடினார். மூடிவிட்டு ஒரு சல்யூட் அடித்தார். வனஜா துப்பட்டாவுக்குள் முழித்தாள்.

உண்மையாக இருந்தால் பலன் கிடைக்காமல் போகாது என்று, சொன்னது அத்தனையும் பொய் என்பதையும் மறந்து, பத்மநாபன் நினைத்துக்கொண்டான்.

"கவலையே படாதீங்க சார். இவ கையில சாவி இருந்தா என்னை முப்பதைத் தாண்ட விடவே மாட்டா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

சரசா பக்கத்தில் வந்தாள். மீந்த போஹாவை டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"முப்பதுக்கா தரார்? அறுபதுன்னு சொன்னவனையே, அது கட்டை வண்டிக்குத்தான் சரின்னு விரட்டினவர் தம்பி இவர். தினம் காலையில ரயில் பாலத்தடி வளைவுல இந்தக் காரையே முந்திட்டுப் போற மஞ்சள் துப்பட்டாவுக்குத்தான் வண்டின்னு, முகம் தெரியாம ரெண்டு மாசமா தெருவையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார்."